காணாமல் போன ஸ்டிக்கர்

டவர் வேலைக்குக் கிளம்புகிறேன். மேசைமேல் இருக்கும், வாக்கிடாக்கி சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டரைத் தொடாதே. பழசாக வாங்கியதில், எந்த அலைவரிசைக்கானது என்றே புரியாமல் தலை சுற்றுகிறது. அட்டைப்பெட்டியில் 450 மெகாஹெர்ட்ஸ், உள்ளே இருக்கும் சிக்னல் வடிகட்டியில் 410 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அதைத்தான் நீ தூசி துடைக்கிறேன் என்று...

சரி, நேற்றே கத்தித் தீர்த்துவிட்டேன். "ஸ்டிக்கர நான் கண்ணாலகூடப் பாக்கல" என்றாய். அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து மணிக்கு இதைப் பார்க்க குவாரி மேலாளர் வருவார். அவர்களுடைய வாக்கிடாக்கி எல்லாம் 460. இதற்குப் பொருந்துமா என்று கேட்டால் சாயங்காலம் சொல்வதாகச் சொல். அடுப்பில் சூப் இருக்கிறது, சுடவைத்துக் குடி.

பி.கு.: நோட்டிலிருந்து இந்தத் தாளைக் கிழிக்கும்போதுதான் பார்த்தேன். ஸ்டிக்கர் அந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. உரிந்து வருகிறதே, தொலைந்துவிடப் போகிறது என்று போன வாரம் பத்திரப்படுத்தியது நானேதான். மாடல் நம்பர்படி 450 முதல் 512 வரை. வடிகட்டிதான் வேறு எதிலிருந்தோ கழற்றி மாட்டியது, அதை நான் மாற்றிவிடுகிறேன். மேலாளரிடம் பொருந்தும் என்றே சொல்லிவிடு.

நீ சிரித்தாலும் பரவாயில்லை, நான் வந்ததும் பேசிவிடு.