உப்பின் மேல் வாங்கிய ஓட்டு

காலையில் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஈரப் பசையின் புளித்த வாடை. உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர். ஓரத்தில் சின்னதாக நீ. நடுவில் கைகூப்பியபடி பெரிதாக, உன்னைத் தோற்கடித்த எம்எல்ஏ.

ஒன்றாகப் பிளஸ் டூ முடித்ததும் நீ உப்பளத்துக்குப் போனாய், நான் கல்லூரிக்கு. இருபத்தைந்து வயது ஆனவுடன் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாய். நீ கேட்டது பாத்திகளுக்கு நடுவே ஒரு நிழல் கொட்டகை, குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான்.

ஆனால் உனக்கு முன்பே அந்த எம்எல்ஏவின் ஆட்கள் வந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி உப்பை வைத்துச் சத்தியம் வாங்கிப் போயிருந்தார்கள். உப்பில் பிழைக்கிறவர்கள் அதை மீறுவார்களா?

"நல்ல பொண்ணுதான் நீ. அவருக்குப் போடுறேன்னு உப்பு மேல சொல்லிட்டேனே" என்றாள், நாம் ஓட்டுக் கேட்டுப் போனபோது பாத்தியில் நின்ற என் அம்மா.

கல்லூரியில் படித்த ஒன்றை அப்போது உன் காதில் மெல்லச் சொன்னேன். வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசை எழுதும் முறை. நாம் முதலில் எழுதியவர் கடைசி இடத்துக்குப் போனால், அந்த ஓட்டு இரண்டாவது ஆளுக்குப் போய்ச் சேரும். நீ உடனே பாத்தியில் இருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினாய்.

"யக்கா, ஒண்ணு ரெண்டுன்னு வரிசை போடுற ஓட்டா இருந்தா, ஒண்ணு எனக்கு, ரெண்டு அவருக்கு! சத்தியமும் கெடாது, ஓட்டும் வேஸ்ட் ஆவாது!"

"அடியே, சாமிக்கே டிமிக்கி குடுக்கறியா?" என்றாள் ஒருத்தி. பாத்தியெங்கும் சிரிப்பு.

ராஜ்யசபாவுக்கு ஆள் அனுப்பும்போது எம்எல்ஏக்கள் அப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்றேன். உன் முகம் மாறியது. "அவங்களுக்கு மட்டும் ரெண்டாவது ஆசை இருக்கலாமாம். நமக்குக் கூடாதாம்."

பெண்கள் சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். வாங்கியவர் எதையும் சத்தியம் செய்திருக்கவில்லை. அடுத்த கோடையில், உச்சி வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்த நீ அப்படியே சரிந்தாய். கிடத்த ஒரு நிழல் இல்லை. லாரிக்கு அடியில் இழுத்துப் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்தபோது உன் கை குளிர்ந்திருந்தது.

கொட்டகை இன்னும் வரவில்லை. இன்று மாலை அந்த எம்எல்ஏ குறை கேட்க வந்திருந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன்.

"நீங்க ராஜ்யசபாவுக்குப் போடுற மாதிரி, ஒண்ணு ரெண்டுன்னு போடுற ஓட்டு எங்களுக்கு எப்போங்க வரும்?"

"பாப்பா நல்லா படிச்சிருக்குது" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மைக் வேறு கைக்குப் போனது.

உன் தைரியம் எனக்கு வரவில்லை. கோபம் மட்டும் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்திலும் இதையே கேட்பேன்.