பச்சைச் சட்டை

என்னங்க,

உங்க சட்டையெல்லாம் யாருக்காவது கொடுத்துடுன்னு உங்க அக்கா சொன்னாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எல்லாத்தையும் வெட்டிப் போர்வை தைக்க உட்கார்ந்துட்டேன்.

உங்க சட்டையில ஒரு சதுரம், என் நைட்டியில ஒரு சதுரம். ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, மூலைக்கு மூலை கோடு கிழிச்சு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தைச்சுட்டுதான் நடுவுல வெட்டணும். விரிச்சா ரெண்டு சதுரம். ரெண்டுலயும் ஒரு முக்கோணம் நீங்க, ஒரு முக்கோணம் நான்.

படகைத் தேடறதை நிறுத்திட்டாங்களாம். நிறுத்தட்டும், அவங்களுக்கென்ன?

போர்வை நடுவுல ரெண்டு இடம் காலியா இருக்கு. என் துணி வெட்டி வச்சாச்சு. அன்னிக்குக் கடலுக்குப் போட்டுட்டுப் போனீங்களே, அந்தப் பச்சைச் சட்டைதான் வேணும். வேற துணி வைக்க மாட்டேன். வந்து கழட்டிக் கொடுங்க.

உங்க வாயாடி