இறக்கத்தில் விட்ட மூட்டை

இன்று காலை வாய்க்கால் மறுபடியும் அடுப்படி வரை வந்துவிட்டது. சேறும் டீசலும் ஊறிப்போன பால் கவரும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். புருஷனை மல்லிகைப்பூ வாசத்தில்தான் நினைக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மட்டாஞ்சேரியில் சாயாக்கடை போட்ட நாளிலிருந்து நமக்குள் ஒரே சண்டை. கடைக் குப்பையை மூட்டை கட்டி வைத்து, வாய்க்கால் தண்ணீர் கடல் பக்கம் இறங்கும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவீர்கள். கடல் தண்ணீர் திரும்பி உள்ளே வரும் ஏற்றத்தில் போடுகிறவன் முட்டாள் என்பீர்கள்.

"கடல் பெரிசு புள்ள, அதுக்கு இதெல்லாம் ஒரு பருக்கை."

"கடல் என்ன உங்க மாமியார் வீடா, குடுக்கறதையெல்லாம் வாயை மூடிட்டு வாங்கிக்க?"

சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிகிறது. கிழக்கே ஊர் ஊராக ஆற்றில் விட்டதெல்லாம் மழையோடு கடலோரக் காயலுக்கு இறங்குகிறது, கடல் ஏறும்போது பாதியைத் திருப்பி அனுப்புகிறது, நடுவில் நம் வாசல். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஆனால் உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று நான் வாயைத் திறக்கவில்லை. பந்தி முடிந்து பாயசக் கப்பும் தண்ணீர் பாட்டிலும் குவிந்து கிடந்தன. உங்கள் தம்பி எல்லாவற்றையும் அரிசிச் சாக்குகளில் அடைத்து, என் பழைய பச்சைச் சேலையைக் கிழித்து வாயைக் கட்டினார். "தண்ணி இறங்குது அண்ணி. அண்ணன் செய்யற மாதிரியே விட்டுடறேன்" என்றார். உங்களைப் போலவே செய்ய இன்னொருவர் இருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. தலையாட்டினேன்.

மறுநாள் ஏற்றத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண், பிறந்து இருபது நாள்கூட ஆகாத குழந்தையோடு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கீழே முழங்கால் தண்ணீர். அவள் புருஷன் பாலத்தடியில் கம்பு விட்டு இழுத்தான். வந்தது பச்சைத் துணி கட்டிய சாக்கு.

"இது ஆரோட பணியா சேச்சி?"

"யாருக்குத் தெரியும்" என்றேன்.

அந்தப் பொய்க்குப் பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எட்டு மாதமாக, ஏற்ற நேரம் வந்தால் கடையைப் பாதியில் விட்டுப் பாலத்துக்கு ஓடுகிறேன். எது வந்து சிக்கினாலும் இழுத்துப் போடுகிறேன். சாயா ஆறிவிட்டதென்று ஆட்கள் திட்டுகிறார்கள்.

இன்றும் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சொல்லிவிட்டேன். "அன்னிக்கு உங்க வீட்ல தண்ணி ஏத்தினது எங்க வீட்டு மூட்டை. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் பிள்ளையைத் திண்டில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். "அந்த சைடு பிடி சேச்சி" என்றாள்.

இத்தனை வருஷச் சண்டையில் நான் சொன்னதுதான் சரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.