கழுவிய முகத்தோடு

டாக்டரம்மா,

இன்று காலை என் மகள் பவுடர் டப்பாவைத் திறந்ததும், அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். "அம்மா, இப்படியே வராதீங்க. கொஞ்சம் பவுடராச்சும் போடுங்க, அப்பதான் மதிப்பாங்க" என்றாள்.

இதையே என் அம்மாவும் சொல்வார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அமர்க்களம்தான். தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், பெட்டியில் இருக்கும் நல்ல சேலை. ஏனோதானோவென்று போனால் மருந்து கொடுக்கும் டிரசர் எல்லோர் முன்னாலும் சத்தம் போடுவார். தோட்டத்தை விட்டு மாசாய் டவுனுக்கு வந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தும் போய்விட்டேன். அந்தப் பயம் மட்டும் கூடவே வந்தது.

அந்தப் பயத்தோடும் பவுடரோடும்தான் உங்கள் கிளினிக்குக்கும் முதன்முதலில் வந்தேன். சாப்பாட்டு டப்பா மூடியைக்கூடத் திறக்க முடியாமல் விரல்கள் வீங்கியிருந்த காலம் அது. தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போவேன். பார்த்த டாக்டர்களில் ஒருவர் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்று சிரித்தார். கடைசியில் வீட்டுக்காரரும், "உனக்கு வேலைக்குப் போகச் சோம்பல் லா" என்றுவிட்டார். கோபம் வந்தது. ஆனால் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். சொல்லி முடித்துவிட்டேன் என்று நான் நினைத்தபோது, உங்கள் சிலோன் தமிழில் "பிறகு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். அதுவரை யாரும் என்னிடம் "பிறகு?" என்று கேட்டதில்லை. முடி கொட்டுவதைச் சொன்னேன். சாயங்காலமானால் காய்ச்சல் அடிப்பதையும் சொன்னேன். மூலையில் இருந்த கை கழுவும் தொட்டியைக் காட்டி, "முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றீர்கள். பவுடர் அதிகமாகிவிட்டதோ என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கழுவியதும் என்னை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் படர்ந்திருந்த சிவப்பைப் பார்த்தீர்கள்.

"இது எப்ப இருந்து?"

"வெயில்ல போனா வரும் டாக்டர். அசிங்கமா இருக்கேன்னு பவுடர் போட்டு மறைச்சிருவேன்."

"எல்லா டொக்டரிட்டயும் இதை மறைச்சுக்கொண்டே போனனீங்கள்?"

தலையாட்டினேன். நீங்கள் திட்டவில்லை. "உங்களுக்கு உண்மையாவே சுகமில்லைப் பிள்ளை. நீங்கள் பொய் சொல்லேல்லை" என்றீர்கள். அப்போது உடைந்து அழுதேன். நோய் இருக்கிறது என்று கேட்டு நிம்மதியில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ரத்தப் பரிசோதனையில் லூப்பஸ் என்று வந்தது; உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய், கன்னத்துச் சிவப்புதான் அதன் அடையாளம் என்றீர்கள். தீராது, அடக்கி வைக்கலாம் என்று சொன்னீர்கள். "இனி என்னட்ட பவுடர் பூசி வடிவா வரக்கூடாது. விடிய எழும்பின முகத்தோட வாங்கோ." அப்படியே வந்தேன். மருந்து எடுத்துத் தரும் பெண் ஒருநாள், "அக்கா, தலையாச்சும் வாரிட்டு வரலாம்ல?" என்று கேட்டாள். "டாக்டர் ஆர்டர் லா" என்றேன். உள்ளேயிருந்து நீங்கள் சிரித்தது கேட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை வந்தபோது கிளினிக்கின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

இன்று மகளிடம் பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழுவிய முகத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொஞ்ச நாளாகக் கால் வீங்குகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. அங்கே ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். இன்றைக்கு இருந்தவர் சின்ன வயதுத் தமிழ்ப் பையன். நல்ல பையன்தான், வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அவன்தான் என்ன செய்வான்? கண்ணைக் கணினியை விட்டு எடுக்கவில்லை.

"பிளட் ரிப்போர்ட் எல்லாம் ஓகே ஆண்ட்டி. அதே மருந்தைச் சாப்பிடுங்க."

"மூச்சு வாங்குது டாக்டர்."

"வயசாகுது இல்ல? ரெஸ்ட் எடுங்க."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. "பிறகு?" என்று கேட்பான் என்று பார்த்தேன். அவன் அடுத்தவருக்கு மணியை அழுத்தினான்.

கார் நிறுத்துமிடத்து வெயிலில் மகள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "என்னம்மா, கன்னமெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு? டாக்டர் பார்த்தாரா?"

"இல்லைம்மா" என்றேன்.

அடுத்த முறையும் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் போவேன், டாக்டரம்மா. நீங்கள் சொன்னதை மீற மாட்டேன். நிமிர்ந்து பார்க்க ஒருவர் வேண்டுமே, அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?