ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்

10 செப்டம்பர் 1991, செவ்வாய்

கம்பெனிக்குப் புது சர்வர் வந்து இறங்கிவிட்டது. ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், கேட் எல்லா இடத்துக் கம்ப்யூட்டரையும் அதோடு கேபிளில் இணைக்க வேண்டும். எந்த நெட்வொர்க் கார்டு வாங்குவது என்பதுதான் தலைவலி. வெளிநாட்டுக் கார்டு யானை விலை. மெட்ராஸ் ரிச்சி தெருவில் கிடைக்கும் தைவான் கார்டு மலிவு, ஆனால் தாங்குமா? திருப்பித் தருகிறேன் என்று சொல்லி மலிவில் ஏழும் விலையுயர்ந்ததில் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன்.

12 வியாழன்

மலிவுக் கார்டுகளைப் போட்டு, ஃபைலை நகலெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். பறக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சலான் அடித்தால்தான் நிஜம் தெரியும். ஞாயிறு ஆட்களை வரச்சொல்லலாமா என்று மேனேஜர் ரத்தினத்திடம் கேட்டேன். "ஓ.டி.லாம் கெடையாதுப்பா. நீயே எப்படியாவது பாத்துக்கோ."

வாலாஜாபாத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் கோதண்டத்துக்குப் போன் செய்தேன். "கம்பெனில ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர் டெஸ்ட். வேகமா அடிக்கிறவங்க ஆறு பேர் வேணும்."

"நல்ல புள்ளைங்களா அனுப்புறேன் சார். ரொம்ப சந்தோஷம் சார், ரொம்ப தேங்க்ஸ்."

அவர் எதற்கு எனக்கு நன்றி சொன்னார்?

15 ஞாயிறு

எப்படி எழுதுவது?

ஆறு பேரும் இஸ்திரி போட்ட துணியில் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சர்டிபிகேட் ஃபைல். ஏலவார்குழலி என்ற பெண்ணோடு அவள் அம்மா முனியம்மாளும் வந்து கேட்டில் நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "எம்பொண்ணு நல்லா அடிக்கும் சார். நீங்கதான் பாத்து செய்யணும்."

வேலைக்கான டெஸ்ட் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கேயே, கேட்டிலேயே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பிப் போய்விடுவார்களே என்று தோன்றியது - உள்ளே அழைத்துப் போனேன்.

என்ன ஒரு வேகம்! தலை நிமிராமல் அடித்தார்கள். ஆறு பேரும் வேகம் பிடித்ததும் எல்லாத் திரையும் உறைந்து நின்றது. எனக்கோ உள்ளுக்குள் குதூகலம், கோளாறு கையில் சிக்கிவிட்டது! ஏலவார்குழலி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சார்... நான் ஒண்ணும் பண்ல சார். அதுவா நின்னுச்சி."

"பரவால்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சர்வரில் மட்டும் விலையுயர்ந்த கார்டை மாட்டி, மற்றவற்றை அப்படியே விட்டு, மறுபடி அடிக்கச் சொன்னேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. விடை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் டீ, பன் வாங்கிக் கொடுத்தேன். முனியம்மாள் வெயிலிலேயே நின்றிருக்கிறார். அவருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

போகும்போது கேட்டார்கள்: "ரிசல்ட் எப்போ சார்?"

"சொல்லி அனுப்புறேன்" என்றது என் வாய்தான்.

17 செவ்வாய்

ரத்தினம் சார் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார். "ஒரே ஒரு நல்ல கார்டுல வேலைய முடிச்சிட்டான்பா." சிரித்தேன்.

23 திங்கள்

கோதண்டம் போன் செய்தாராம். நான் சீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். சீட்டில்தான் இருந்தேன்.

28 சனி

வாலாஜாபாத் பயிலகத்துக்குப் போனேன். டைப்ரைட்டர்கள் எல்லாம் நின்றன. என்னைப் பார்த்ததும் ஏலவார்குழலி எழுந்து நின்றாள். காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை பில் போடும் வேலையை நேற்றோடு விட்டுவிட்டாளாம். "நீங்க கூப்ட்டா ஒடனே கம்பெனிக்கு வரணும்ல சார்" என்றாள்.

சொல்லிவிட்டேன். அது வேலைக்கான டெஸ்ட் இல்லை, மெஷின் தாங்குமா என்று பார்த்தது, கேட்டிலேயே எனக்குத் தெரியும் - எல்லாம். கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை.

அவள்தான் கேட்டாள்: "அப்போ நாங்க அவ்ளோ நேரம் அடிச்சது எங்க சார் கீது?"

"அழிச்சாச்சிம்மா."

தலையாட்டினாள். உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

1 அக்டோபர், செவ்வாய்

ஜவுளிக்கடைக்குப் போய் முதலாளியிடம் கேட்டேன். அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

30 புதன்

நெட்வொர்க் ஓட ஆரம்பித்ததிலிருந்து டெஸ்பாட்சில் என்ட்ரி குவிகிறது. ஆபரேட்டர் வேண்டும் என்று மூன்றாவது முறையாக ரத்தினம் சாரிடம் நின்றேன். "ஒண்ணுக்குமேல கேக்காத" என்று கையெழுத்துப் போட்டார். மற்ற ஐந்து பேர்? எழுதவே கூசுகிறது. கோதண்டத்துக்குத் தகவல் அனுப்பினேன். பதில் இல்லை.

18 நவம்பர், திங்கள்

ஆபரேட்டர் வேலைக்கான டெஸ்டுக்குக் குன்றத்தூர், மணிமங்கலம், காஞ்சிபுரம் என்று நிறையப் பேர் வந்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஏலவார்குழலி மட்டும். ஃபைல் எதுவும் கொண்டுவரவில்லை, சாதாரணப் புடவை. நாற்காலியின் பின்னால் நின்றே கேட்டாள்:

"இன்னிக்கி டெஸ்ட் யாருக்கு சார்? எங்களுக்கா, மெஷினுக்கா?"

"உங்களுக்குத்தாம்மா."

உட்காரவில்லை. பக்கத்தில் நின்ற ரத்தினம் சார் பக்கம் திரும்பி, அதையே அவரிடமும் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒங்களுக்குத்தான், ஒக்காரு" என்றார்.

அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்தாள்.