தொண்ணூறாம் நாள் திறந்த டப்பா

நான் ஞானசேகரன்; ஆம்பூர்த் தோல் ஆலையில் உன்னோடு பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஆய்வகப் பொறுப்பாளன். உன் ரோஜா விதைகளைப் பற்றி உன் வீட்டில் நான் சொன்னது பொய் என்பதை உனக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

இன்று காலை பேரணாம்பட்டிலிருந்து உன் மனைவி ஒரு படம் அனுப்பினார். வாசலோரத்தில் உன் பன்னீர் ரோஜாச் செடி, பக்கத்தில் சாய்த்து வைத்த கடப்பாரை. சற்று நேரத்தில் தொலைபேசியிலும் அழைத்தார். "அந்தச் செடி விதையே பழுதுன்னு நீங்கதானே சொன்னீங்கண்ணே. எடுத்துட்டா மருமகன் வண்டி நிறுத்த எடமாவும். நாளைக்குக் காலையில ஆள் வர்றான்" என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டேன்.

அந்தச் செடியின் பூவில்தான், வேறொரு கருஞ்சிவப்பு ரோஜாவின் மகரந்தத்தை நீ தூரிகையால் தடவினாய். பன்னீர் மணத்தோடு கருஞ்சிவப்பில் ஒரு பூ வேண்டும் என்பது உன் ஆசை. காய் பழுத்தபோது உன் நோயும் முற்றியிருந்தது. ரோஜா விதையின் ஓடு கடினமானது. ஈரத்தோடு நெடுநாள் குளிரில் கிடந்தால்தான் அதன் உறக்கம் கலையும். உன் பதினொரு விதைகளையும் ஈரத்தாளில் சுற்றி டப்பாவில் இட்டு, ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்தேன். மூடியில் 'தொண்ணூறு நாள்' என்று எழுதினேன்.

நீ தோல் பதனிடும் டிரம்முக்கு மேஸ்திரி. ஓடும் டிரம்மை நிறுத்தி, தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்துத்தான் பதம் சொல்வாய். நான் தாளில் எழுதிய நேரத்தை மட்டுமே நம்புவேன். இதற்காக நாம் சண்டையிடாத வாரம் குறைவு.

எழுபதாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாய்: "ஒரு வாட்டி தொறந்து பாருய்யா. முளை வுட்டிருந்தா எடுத்துனு வா. கண்ணால பாத்துட்டுப் போறேன்."

இடையில் திறந்தால் குளிர் கெடும் என்றேன். நீ சிரித்தாய்.

"தோலுக்குத்தான் நீ இப்டின்னு நெனச்சேன். தோஸ்துக்கும் அதே சட்டமா?"

இன்னும் இருபதே நாள் என்றேன். உனக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

தொண்ணூறாம் நாள் திறந்தேன். ஏழு விதைகள் எப்போதோ முளைத்திருந்தன. இருட்டில் வெள்ளை நூலாக நீண்டு, சுருண்டு, நுனி கறுத்து அழுகியிருந்தன. நீ கேட்ட அன்றே அவற்றில் சில முளைவிட்டிருக்க வேண்டும். எதையும் அளந்து குறித்துவைக்கும் நான் அவற்றை அளக்கவில்லை. முளைக்காத நான்கையும் சேர்த்துக் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விதை பழுது என்று உன் வீட்டில் சொன்னேன். உன் மனைவி எனக்கு ஆறுதல் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு வந்தவன் நான்.

மாலைப் பேருந்தில் பேரணாம்பட்டு புறப்படுகிறேன். விதையில் குறையில்லை, நீ கேட்டும் நான் திறக்கவில்லை என்று உன் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன்பின் அவர் எனக்கு என்ன சொன்னாலும், வாசலில் நின்று முழுதாகக் கேட்டுக்கொள்வேன்.