பேச்சியம்மா கூடைக்குப் போன கொழுந்து

டிக்கோயா

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது, போகிற எண்ணமே இல்லை. அந்தக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று காது கொடுப்பார், அதனால்தான் தேயிலைப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

நீ செய்து அனுப்பிய கொழுந்து பறிக்கிற ஆட்டம், குட்டிக் கூடை, கொழுந்து, தராசு எல்லாம் பெட்டியோடு வந்து சேர்ந்தது. ஆடும்போது பின்தங்கினவர்கள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள், அதைச் சரிசெய்யாவிட்டால் ஜெர்மனிக் கம்பெனி வேண்டாமென்றுவிடும், பிறகு ஆட்டம் செய்கிற தொழிலையே விட்டுவிடுவேன் என்று அழுதாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவையும் அவள் மருமகள் நிஷாந்தியையும் கூப்பிட்டுப் பாய் விரித்து ஆடினோம். தராசு அப்பாவிடம். முதலில் கூடை நிறைகிறவர் வென்றவர் என்றுதானே உன் சட்டம்? என் கூடை நிறையப் போகிற நேரம் பேச்சியம்மாவுக்கு அரைக்கூடைதான் இருந்தது. நிறுவையில் குறைந்தால் அவளுக்கு அரைப் பேர், பாதிச் சம்பளம்தானே விழும். மலையில் பக்கத்து நிரைக்காரியை அப்படி விடுவோமா? கை தன்னால் போய் என் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டது. நிஷாந்தியும் போட்டாள். அப்பாவுக்கு வந்ததே கோபம், இது கள்ள ஆட்டம், நிறுக்க மாட்டேன் என்று தராசை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க எப்புடி நிறுத்தாலும் எங்க மூணு பேருக்கும் முழுப் பேர் போட வச்சிருவோம்" என்று பேச்சியம்மா சவால் விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரு பக்கம், அப்பாவும் தராசும் ஒரு பக்கம். உன் சட்டத்தை உடைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஒருத்தியும் பாதியில் எழுந்து போகவில்லை, பருப்பு அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் எழுந்தோம். அதைக் கொஞ்சம் யோசித்துப் பார் அம்மா.

கேட்கிறவர்களிடமெல்லாம் நீ கம்ப்யூட்டர் வேலை செய்கிறாய் என்றுதான் அப்பா சொல்லி வந்தார். அது உனக்கு வலித்ததும் எனக்குத் தெரியும். நேற்று அலுமாரியைத் திறந்தால் ஆட்டப் பெட்டியைக் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே டவுனிலிருந்து கடைக்கார ரிஸ்வி போன் எடுத்து, "ஒங்க வீட்டுக்காரரு கடைய மூட விட மாட்டேங்கிறாரு, வாறவங்க எல்லாரையும் புடிச்சி வச்சி ஆட்டம் காட்டுறாரு, எம் மக செஞ்சதுன்னு சொல்றாரு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

தலைக்கு எண்ணெய் வை, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். அப்பா தர மாட்டேன் என்கிறார். நீ வேறொன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

உன் அம்மா,
நாகலெட்சுமி